நான் ஸ்பேர் பார்ட் இல்லை!

கல்குவாரித் தூசியால் நுரையீரல் கெட்டு, ஆக்சிஜன் மெஷினோடு வாழ்கிறார் என் அப்பா. நுரையீரல் மாற்று சிகிச்சை பற்றி யோசிக்கச் சொன்னார் டாக்டர். ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன்; எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான்தான். பெருமையாக விளக்கினேன்: "யாராவது நுரையீரல் குடுக்கணும்ப்பா. கவலப்படாத, நான் இருக்கேன்ல!"

அன்றிலிருந்து அப்பா 'வேணாம்' என்றே சொன்னார். பரிசோதனைக்குப் போக வேண்டிய நாளில் ஆட்டோவிலும் ஏறவில்லை.

"உன் நெஞ்சப் பொளந்து எனக்கு வைக்கிறதா? நீ இன்னா, உங்க ஒரகடம் கம்பெனி ஸ்பேர் பார்ட்டா?"

"ஐயோ, என்னுது இல்லப்பா! மூளைச்சாவு ஆனவங்க வூட்ல தானமா குடுக்கிறது!"

"இத மொதல்ல சொல்றதுக்கு இன்னாம்மா? ஏறு வண்டில!"

மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார்.

பரிசோதனைகள் நடக்கின்றன. இப்போது நான் "புரிஞ்சுதா?" என்று கேட்பதில்லை. "நான் சொன்னத நீ சொல்லு" என்கிறேன். ஒவ்வொரு முறையும் அப்பா "மொதல்ல, உன்னுது இல்ல" என்றுதான் ஆரம்பிக்கிறார்.

– செல்வி, வடக்குப்பட்டு