இன்னும் ஒரு சரணம்

பெரியப்பா ஒன்று சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் டி.வி. பாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தேர்வு செய்கிறார்கள், நானும் போகிறேன் என்றதும் அவர் சொன்னார்: “தகரத்தத் தேச்ச மாதிரி கெடக்கு தொண்ட. அத ஊருக்கு வேற காட்டணுமாக்கும்.”

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. மற்றப் பெண்பிள்ளைகளைப் போலக் கீச்சுக் குரல் இல்லை எனக்கு, கனத்த குரல். அம்மா வழக்கம்போல வாய் திறக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை காலையில் எனக்குத் தலை பின்னிவிட்டு, “நாங்க தென்காசிக்குப் போயிட்டு வாரோம்” என்று அவரிடம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். பதிலுக்கு நிற்கவில்லை. இலஞ்சி பஸ் நிறுத்தம் வரை நான்தான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனேன்.

மண்டபத்தில் எனக்கு முந்திப் போன பிள்ளை பட்டுப்பாவாடையும் அபிநயமுமாகப் பாடியது வெளியே கேட்டது. நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

“வீட்டுக்குப் போவோம்மா. பயமா இருக்கு.”

“இருக்கட்டும். நீ போன்னா அது போவாது ஏட்டி. பயத்தோடயே பாடு.”

உள்ளே முதல் வரியிலேயே குரல் பிசிறியது. நடுவர்களில் ஒருவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். “ஆம்பளப் பையன் குரலா இருக்கே. போதும்மா.”

எங்கிருந்து எனக்குக் கோபம் வந்ததோ தெரியாது. வந்த வேகத்தில் நடுக்கத்தைத் தள்ளிக்கொண்டு வந்தது. “இன்னும் ஒரு சரணம் இருக்கு சார்” என்றேன். அவர் சரி என்று சொல்வதற்குள் பாட ஆரம்பித்துவிட்டேன். அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்கள், நான் நகரவில்லை. கடைசி வரியை முடித்துவிட்டுத்தான் மைக்கை விட்டேன். யாரும் கைதட்டவில்லை.

வெளியே வந்து அம்மாவிடம் சொன்னேன்: “எடுக்கலம்மா.”

“முழுசாப் பாடினியா?”

“பாடினேன்.”

திரும்பி வருகையில் அம்மா இலஞ்சியில் இறங்கவில்லை. நேரே குற்றாலத்துக்குக் கூட்டிப்போனாள். பெண்கள் பக்கம் போய்க் கட்டின சேலையோடு அருவிக்கடியில் நின்றாள். கண் மூடியிருந்தது. உதடுகள் நெடுநேரம் அசைந்துகொண்டிருந்தன. இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா பாடி நான் கேட்டதே இல்லை. அதனால் அப்படியொன்று எனக்குத் தோன்றவும் இல்லை. குளிரில் நடுங்குகிறாள் என்று நினைத்துக் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன்.