அப்புறம் கூப்பிடுறேன்

எங்கள் தெருவில் ஒரு ஆளை வேலைக்கு எடுக்க விண்ணப்பம், சான்றிதழ் எதுவும் வேண்டாம். ஒரு ஃபோன் போதும்.

குமுளி பஸ் ஸ்டாண்டிலிருந்து தேக்கடிக்குப் போகிற வழியில் இரண்டு பக்கமும் மசாலாக் கடைகள். ஏலக்காய், மிளகு, கிராம்பு, பட்டை, கூடவே சாக்லேட், மூலிகை எண்ணெய் என்று எல்லாக் கடையிலும் ஒரே சரக்குதான். சரக்கு ஒன்றாக இருந்தால் விற்கிற ஆளில்தான் வித்தியாசம். அதனால் சீசன் நடுவில் ஒரு கடையின் நல்ல ஆளை இன்னொரு கடை இழுத்துக்கொள்வதும், முதலாளிகள் நடுரோட்டில் நின்று கத்திக்கொள்வதும் ஒரு காலத்தில் வாடிக்கையாக இருந்தது. கடைசியில் அவர்களே கூடிப் பேசி ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். ஒரு கடையை விட்டு நின்ற ஆள் இன்னொரு கடையில் வேலை கேட்டால், பழைய கடைக்கு ஃபோன் போட்டு விசாரிக்க வேண்டும். ‘எடுத்துக்கோங்க’ என்று அங்கிருந்து வார்த்தை வந்தால்தான் எடுப்பார்கள். எழுத்தில் ஒன்றும் கிடையாது. ஆனாலும் இந்த ஊரில் வேறு எந்தச் சட்டத்துக்கும் ஆட்கள் இவ்வளவு ஒழுங்காக நடந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் கடையில் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியவன் நான். முதலாளிக்குக் கட்டப்பனையில் இன்னும் இரண்டு கடைகள். இங்கே வாரத்துக்கு ஒரு நாள் எட்டிப் பார்ப்பார். எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் பிறந்து, மூட்டை இறக்க இந்தக் கடைக்கு வந்து, பாக்கெட் ஒட்டி, தராசுக்கு வந்து, மேனேஜர் என்ற பெயருக்கு வந்து சேர்ந்தவன் நான். எனக்கு முன்கோபம் உண்டு. அதை ஊரே அறியும். அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. அது வீட்டில் மட்டும்தான் தெரியும். எதையும் அப்புறம் செய்வேன். “எமன் வந்து கூப்பிட்டாலும் அப்புறம் வான்னு சொல்ற ஆளு நீங்க” என்று என் மனைவி சொல்லுவாள். நானும் சிரிப்பேன். சிரிக்கிற விஷயமாகத்தான் அது வெகுநாள் இருந்தது.

எங்கள் கடையில் ஆறு வருடம் நின்ற ஒரு பெண்ணைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். வண்டிப்பெரியாறு பக்கத்து எஸ்டேட். அவளை வேலைக்கு எடுத்தவனும் நான்தான். புதிதாக வருகிற பெண்களுக்கு நான் ஒரே ஒரு சோதனை வைப்பேன். கையில் ஒரு ஏலக்காயைக் கொடுத்து, வாடிக்கையாளரிடம் காட்டச் சொல்லுவேன். நிறையப் பேர் அதை அவர் மூக்குக்கு நேரே நீட்டுவார்கள். இவள் ஏலக்காயைப் பிளந்து, விதையை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மடக்கிவிட்டாள். “கொஞ்ச நேரம் கழிச்சு மோந்து பாருங்கண்ணே” என்றாள். அன்றைக்கே சேர்த்துக்கொண்டேன்.

தமிழ், மலையாளம் இரண்டும் பிறந்ததிலிருந்து தெரியும். வருகிறவர்களிடமே பேசிப் பேசி இந்தியும் கொஞ்சம் இங்கிலீஷும் பிடித்துக்கொண்டாள். சபரிமலை சீசனில் ஆந்திராக்காரர்கள் பஸ் பஸ்ஸாக இறங்கும்போது தெலுங்கிலேயே விலை சொல்லுவாள். அவள் நிற்கிற மேசைப் பக்கம் நான் திரும்பிப் பார்க்கவே வேண்டியிருந்ததில்லை. அதனால்தானோ என்னவோ, அவளைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்று வாய்விட்டுச் சொன்னதாகவும் எனக்கு நினைவில்லை.

அவள் கணவருக்குத் தேயிலை ஃபாக்டரியில் வேலை. கொழுந்து அதிகமாக வருகிற மாதங்களில் சாயங்காலம் ஏழு மணிக்குப் போனால் விடிந்துதான் வருவார். அவர்களுக்கு ஒரே மகள், ஒன்பது வயது. பக்கத்து வீட்டில் கணவரின் அக்கா இருந்தவரை பிள்ளையைப் பற்றிக் கவலை இல்லை. அந்த அக்காவுக்கு எஸ்டேட்டில் ரிட்டயர்மென்ட் ஆனது. வேலை போனால் லயத்து வீட்டையும் விட வேண்டும். அவர் திருப்பூரில் இருக்கிற மகனிடம் போய்விட்டார். எங்கள் கடையோ இரவு ஒன்பது வரை. கடை ஜீப் ஒவ்வொருவராக இறக்கிவிட்டு அவளைக் கொண்டுபோய் விடும்போது மணி பத்தாகும். அதுவரை அந்தப் பிள்ளை தனியாக இருக்க வேண்டும். யானை இறங்குகிற இடம் அது.

“சாயங்காலம் ஆறு மணிக்கு விட்டீங்கன்னா போதும்ணே” என்று என்னிடம் கேட்டாள். நான் முதலாளியிடம் கேட்டேன். ஆறு மணிக்கு மேல்தானே வியாபாரமே என்றார். ஃபாக்டரியில் பகல் ஷிப்ட் கேட்ட கணவருக்கும் இதே மாதிரி ஒரு பதில்தான் கிடைத்தது. ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகலாம் என்றால் அவளுக்கு மூச்சிரைப்பு. மருந்தடித்த செடிகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் நிற்க முடியாது. தெருவில் ஆறு மணிக்கு ஷட்டர் இறக்குகிற கடை ஒன்றே ஒன்று இருந்தது. கூரியரில் வெளியூர்களுக்கு அனுப்புவதுதான் அங்கே முக்கிய வியாபாரம். அதன் மேனேஜர் தினமும் கம்பத்திலிருந்து மலையேறி வந்து போகிறவர், என் வயதுக்காரர். அங்கே ஒரு ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும் எங்களிடம் சொல்லிவிட்டு வேலையை விட்டு நின்றாள். ஆறேகால் பஸ்ஸைப் பிடித்தால் ஏழுக்குள் வீடு. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அவள் நின்றது சீசன் தொடங்குகிற நேரம். எனக்கு அதில் எரிச்சல்தான். காரணம் தெரியும், நியாயமும் தெரியும். இருந்தாலும் எரிச்சல்.

அந்த ஃபோன் ஒரு முற்பகலில் வந்தது. இரண்டு ஆந்திரா பஸ் ஒன்றாக வந்து நின்றிருந்தது. அவள் இடத்துக்கு வந்த புதுப்பெண் தெலுங்கு புரியாமல் முழித்துக்கொண்டிருந்தாள். யாரோ கிராம்புத் தட்டைத் தட்டிவிட்டு, தரையெல்லாம் கிராம்பு. நான் கத்திக்கொண்டிருந்தேன். ஃபோனை எடுத்தால் கம்பத்துக்காரர்.

“அண்ணே, உங்க கடையில நின்ன பொண்ணு ஒண்ணு வந்திருக்கு. எப்படி, எடுக்கலாமா?”

“இப்பப் பேச முடியாதுண்ணே. அப்புறம் கூப்பிடுறேன்.”

வைத்துவிட்டேன். ‘எடுங்கண்ணே’ என்று சொல்ல இதில் பாதி நேரம்கூட ஆகியிருக்காது. ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். கூட்டம்தான் காரணமா, அவள் விட்டுப்போன எரிச்சல் என் நாக்கைப் பிடித்து வைத்ததா, எனக்கே தெரியவில்லை.

அன்று மறந்தேன். மறுநாள் காலை குளிக்கும்போது நினைவு வந்தது. கடைக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டேன். கடைக்குப் போனதும் சரக்கு லாரி வந்து நின்றது. மூன்றாம் நாள் சாப்பாட்டுக்கு மேல்தான் கூப்பிட்டேன்.

“அண்ணே, அதை விடுங்க” என்றார் கம்பத்துக்காரர். “ஆனைக்கரையிலருந்து ஒரு பொண்ணு வந்துச்சு, போட்டாச்சு.”

“அந்தப் பொண்ணு தங்கமான பொண்ணுண்ணே.”

“அவ்வளவு தங்கம்னா நீங்க ஏண்ணே விட்டீங்க?”

பிள்ளை, ராத்திரி ஷிப்ட், பஸ் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேண்ணே” என்றார். கடையில் கூட்டம் என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எங்களுக்கும் விளங்கும்ணே. சிலது ஃபோன்ல சொல்ல முடியாது. அந்தப் பொண்ணு மேல உங்களுக்கும் ஒரு இரக்கம் இருக்கும். நீங்க சங்கடப்படாதீங்க.”

எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வைத்தார். நான் ஒன்றுமே சொல்லாமல் இருந்த அந்த இரண்டு நாளில் அவர்களாகவே ஏதோ ஒன்றை நினைத்து முடித்துவிட்டார்கள். என்ன நினைத்தார்கள் என்று தெரிந்தாலாவது மறுத்துப் பேசலாம். கை நீளம் என்றா, வாய் நீளம் என்றா, வேறு ஏதாவதா? கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்லப்படாத ஒரு குற்றத்துக்கு என்ன பதில் சொல்லுவது?

அதற்குள் அவள் வேறு இரண்டு கடைகளில் ஏறி இறங்கியிருந்தாள். ஏழு மணிக்காவது விடுவார்களா என்று கேட்கத்தான். அவர்கள் எனக்கு ஃபோன் போடவே இல்லை, கம்பத்துக்காரருக்குப் போட்டிருக்கிறார்கள். நீங்கள் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டதற்கு, “அதை அந்தப் பழைய கடையிலயே கேளுங்க” என்று அவர் சொன்னாராம். அவர் கெட்ட மனிதர் இல்லை. தனக்குத் தெரியாததைச் சொல்லக் கூடாது என்று நினைக்கிற மனிதர். அதுதான் அவளுக்கு வினையாகப் போனது.

கடை லெட்டர்பேடில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். நேர்மையானவர், திறமையானவர் என்று முத்திரை குத்திக் கொடுத்தேன். எங்கள் தெருவில் யாரும் இதுவரை கடிதத்தோடு வேலை கேட்டுப் போனதில்லை. “பேப்பர் எதுக்கு? ஏதாச்சும் பிரச்சினையா?” என்று ஒரு கடையில் கேட்டார்களாம். அவள் அதை நான்காக மடித்துத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அப்புறம் நானே நேரில் போனேன். கம்பத்துக்காரர் உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். டீயைக் கொண்டுவந்து வைத்தது அந்த ஆனைக்கரைப் பெண்தான். இருபது வயதுகூட இருக்காது. புது வேலைக்குப் போட்டுவந்த புதுச் செருப்பு காலைக் கடித்து, விந்தி விந்தி நடந்தாள். இவளை அனுப்பிவிட்டு அவளை எடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? டீயைக் குடித்தேன். எழுந்திருக்கும்போது கம்பத்துக்காரர், “சொந்தக்காரப் பொண்ணாண்ணே?” என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் சரி என்று தலையாட்டிய விதத்தில், இனி நான் இந்தப் பக்கம் வரக் கூடாது என்று புரிந்தது. நான் இன்னும் ஒரு தடவை அவளுக்காகப் பேசினால் தெரு பேச ஆரம்பித்துவிடும். அதையும் சேர்த்து அவள் தலையில் ஏற்ற வேண்டுமா?

கடைசியாக முதலாளியிடம் போனேன். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் யாராவது ஏழு மணிக்கு விடுகிற மாதிரி எடுத்துக்கொள்வார்கள் என்று கெஞ்சினேன்.

“எடோ, நீ எதுக்கு இவ்வளவு டென்ஷன் ஆகறே?” என்றார். “எங்கயும் கிடைக்கலைன்னா இங்கயே வருவா. சீசன் நமக்கு நல்லா ஓடும்.”

நான் அவர் மேல் கோபப்பட்டிருக்க வேண்டும். எனக்குக் கோபம் வராத நாள் ஏது? அன்று மட்டும் வரவில்லை. அவர் வாய்விட்டுச் சொன்ன கணக்கை நானும் மனதுக்குள் எங்கேயோ போட்டு வைத்திருந்தேனோ என்று பயமாக இருந்தது.

அவர் சொன்னபடியே நடந்தது. மூன்று வாரம் கழித்து வந்தாள். நின்று போய்த் திரும்பி வந்தால் புது ஆள் கணக்கு; முன்பு பார்த்த ஆறு வருடம் சேராது. புது ஆள் யூனிஃபார்மை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். பழைய மேசையிலேயே நின்றாள். முதல் நாளே இரண்டு பஸ் கூட்டத்தைச் சமாளித்தாள். இரவு ஒன்பது வரை நின்றாள்.

வந்த இரண்டாவது வாரம் என்னிடம் ஒரு நாள் லீவு கேட்டாள். பிள்ளையைக் கம்பத்தில் ஒரு ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு வர வேண்டும் என்றாள். இத்தனை நாள் வீட்டுக்குள் வைத்து வெளியே பூட்டிவிட்டு வந்தாளாம். அந்த வாரம் ஒரு நாள் யானை முற்றம்வரை வந்து, பக்கத்து வீட்டு வாழையைப் பிடுங்கிப் போட்டிருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்த பிள்ளை அதற்கப்புறம் இரண்டு நாள் பேசவே இல்லையாம்.

“மாசத்துக்கு ஒரு தடவதான் பாக்க விடுவாங்களாம்ணே” என்றாள். “ஒம்பது வயசுதான். தலை பின்னக்கூட அதுக்குத் தெரியாது.”

நான் லீவுச் சீட்டை எடுத்தேன். இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். ‘யாரும் உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நான் ஒரு ஃபோன் பேச மறந்துபோனேன்.’ இவ்வளவுதான் வாக்கியம். அதற்குள் அவளே பேசினாள்.

“நீங்க மட்டும்தாண்ணே எனக்காக அலஞ்சீங்க. லெட்டர் குடுத்தீங்க, அந்தக் கடைக்கே போயிப் பேசுனீங்க. எங்க வீட்டுக்காரருகிட்டயும் சொன்னேன். கூடப் பொறந்தவங்ககூடச் செய்ய மாட்டாங்க.”

நான் பேனாவைத் திறந்தேன்.

“என்னயப் பத்தி எவன் என்னத்தச் சொன்னான்னு தெரியலண்ணே. எம்புள்ளயப் பிரிச்சுட்டான். அவன் நல்லாவே இருக்க மாட்டான். நீங்களே சொல்லுங்க, இருப்பானா?”

கண் கலங்காமல், என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள். பதில் வேண்டும் என்று நின்றாள்.

“இருக்க மாட்டாம்மா” என்றேன்.