மேஜை மேல் ஒரு ஸ்வெட்டர்

எங்கள் ஹோட்டலில் வேலையை விடுகிறவர் யாரும் கடிதம் எழுதிக் கொடுப்பதில்லை. சீசன் தொடங்கும்போது ஆளுக்கொரு மெரூன் ஸ்வெட்டர் கொடுப்பார்கள். அந்த இடம் காப்பி எஸ்டேட்டாக இருந்த காலத்தில் வேலையாட்களுக்குக் கம்பளி கொடுத்த வழக்கம் அது. எஸ்டேட் போய் ஹோட்டல் வந்த பிறகும் வழக்கம் போகவில்லை. வேலை வேண்டாம் என்றால் ஸ்வெட்டரை மடித்து மேனேஜர் மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்விடலாம். அன்றைக்கே பெயரை எடுத்துவிடுவார்கள்.

நான் மனசுக்குள் அதை எத்தனை முறை மடித்திருப்பேன் என்பது ஆண்டவருக்குத்தான் தெரியும்.

என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, வாரம் மூன்று முறை எங்கள் ஊர் நாகலூரிலிருந்து மலையிறங்கிப் போய் சேலத்தில் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். செலவை என் சம்பளத்தில் பிடிக்கிற இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்கிறது. நான் ஹோட்டலில் இருக்கிறவரை அவர் ரத்தம் சுத்தமாகும். தாலி கட்டியபோது இப்படி ஒரு பந்தம் வரும் என்று பாதிரியார்கூடச் சொல்லவில்லை.

"கவர்மெண்ட் இன்சூரன்ஸ் இருக்கிறதே?" என்று கேட்காத ஆளில்லை. நானும் போய்க் கேட்டேன். ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று தர மாட்டார்களாம். வேலையை விட்டுவிட்டு வந்து மனு கொடுக்க வேண்டுமாம். கார்டு எப்போது வரும் என்றேன். "வந்துரும்மா" என்றார் அங்கே இருந்தவர். அதுவரை என் வீட்டுக்காரர் ரத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. இலவசமாகச் செய்கிற இடத்திலும் விசாரித்தேன். மெஷின் காலியானால் கூப்பிடுகிறோம் என்றார்கள். மெஷின் எப்படிக் காலியாகும் என்பது எனக்குப் புரிந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

இதெல்லாம் எங்கள் மேனேஜருக்கு அத்துப்படி. சேலத்துக்காரர், குரல் உயர்த்தமாட்டார். ரிசப்ஷனில் உட்காரத்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். மழைக்காலத்தில் ஆட்களைக் குறைத்தபோது என்னைச் சலவை அறைக்கு மாற்றினார். பிறகு ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொன்னார். அவர் குடும்பம் மலைக்கு வந்தால் அவர் வீட்டுச் சமையலும் என் தலையில் விழுந்தது. ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தேன்.

"சார், ஞாயித்துக்கெழம பூசைக்குப் போகோணுங்க."

"போங்கம்மா, யாரு வேண்டாங்கறது" என்றார். பேனாவை மூடிக்கொண்டே, "ஊட்டுக்காரருக்கு டயாலிசிஸ் நல்லா ஓடுதுங்களா?" என்றும் கேட்டார்.

அந்த ஞாயிறு வேலைக்குப் போனேன். ஈரப் போர்வைகளை அவர் கழுத்து என்று நினைத்துக்கொண்டே பிழிந்தேன்.

போன கார்த்திகையில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து விடுதிக்கு வார்டன் தேவைப்பட்டார். பள்ளிக்கூடத்தை நடத்துகிற மடத்துச் சிஸ்டர் வீட்டுக்கே வந்து கேட்டார். நடந்து போகிற தூரம். ஞாயிறு பூசைக்குத் தடையில்லை. அந்த வேலை எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

"இன்சூரன்ஸ் உண்டுங்களா சிஸ்டர்?"

"அதெல்லாம் இங்க இல்லம்மா. உனக்காக செபம் பண்றோம்."

எனக்கு அழுகை வருகிற இடத்தில் சிரிப்பு வரும். சிரித்து, முடியாது என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தேன். உள்ளே படுத்திருந்த வீட்டுக்காரர் தூங்குகிறார் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் ஒரு நாள், மழையில் நனைந்த ஸ்வெட்டரை வீட்டில் காயப் போட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தேன். மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். அவர் மேஜை மேல் ஒரு ஸ்வெட்டர் மடித்து வைத்திருந்தது. முழங்கையில் நான் போட்ட தையல் தெரிந்தது.

"உங்க ஊட்டுக்காரரு வெச்சுட்டுப் போனாருங்க" என்றார் மேனேஜர். "பேர எடுத்துரட்டுங்களா?"

ஸ்வெட்டரை எடுத்து அவர் முன்னாலேயே மாட்டிக்கொண்டேன். இன்னும் ஈரமாக இருந்தது.

"தெரியாம வெச்சுட்டாருங்க சார். நா எங்கயும் போகலீங்க."

"அப்ப செரி" என்றார். "ஞாயித்துக்கெழம எங்கூட்ல விருந்தாளிங்க வராங்க. நேரமே வந்துருங்க."

சரிங்க என்றேன்.

வெளியே ஓடிப்போய்த் தேடினேன். வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டில் நாகலூர் பஸ்ஸுக்கு உட்கார்ந்திருந்தார். ஹோட்டலுக்கு வந்து திரும்ப அவ்வளவு தூரம் நடந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, என்ன காரியம் பண்ணிட்டு வந்திருக்கறீங்க?"

"நீ பள்ளிக்கூடத்து வேலைக்குப் போ புள்ள."

"அப்பறம் உங்களுக்கு?"

"நா நொம்ப நாள் ஓட்டியாச்சு" என்றார், பழைய ஜீப்பைப் பற்றிப் பேசுவதுபோல.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "செத்து என்னைய வெளிய உட்டுரலாம்னு பாக்கறீங்களா? நா கேட்டனா உங்ககிட்ட?" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஸ்வெட்டரைப் பார்த்தார். அதை நான் திரும்பப் போட்டுக்கொண்டு வருவேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை என்பது தெரிந்தது. பஸ் வந்தது. கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்த ஸ்வெட்டரை நான் வீட்டில் விட்டுவிட்டுப் போனதில்லை. துவைத்தால் ஈரத்தோடு போட்டுக்கொண்டு போகிறேன். ராத்திரி படுக்கும்போதும் போட்டுக்கொள்கிறேன். குளிருகிறது என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். சித்திரை பிறந்துவிட்டது, இன்னும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.