குப்பை ஆலையின்ர கூரையில நான் சறுக்கப் பழகின நாள்

டென்மார்க்குக்கு வந்து முப்பது வருசம் ஆகப் போகுது. இவ்வளவு காலமும் பனிச்சறுக்கு எண்டால் எனக்கு அது டி.வி.யில பாக்கிற சாமான்தான். இந்த நாட்டில மலையும் இல்லை. ஆனால் பெப்ரவரி வந்தால் காணும், ஹோர்சன்ஸில என்னோட வேலை செய்யிற அரைவாசிப் பேர் காருக்கு மேல பலகையைக் கட்டிக்கொண்டு நோர்வேக்கும் ஒஸ்ரியாவுக்கும் வெளிக்கிட்டிடுவினம். மிச்ச அரைவாசிப் பேர் நிண்டு அவையின்ர வேலையையும் சேர்த்துச் செய்வம். வயது போன ஆக்களின்ர வீடுகளுக்குப் போய்க் குளிக்க வாத்து, உடுப்பு மாத்தி, மருந்து குடுக்கிறது என்ர வேலை. நான் எப்பவும் அந்த மிச்ச அரைவாசியிலதான்.

இந்த முறை கதை மாறினதுக்குக் காரணம் என்ர மகள் துஷா. அவவுக்கும் ராஸ்மஸ் எண்ட டெனிஷ் பெடியனுக்கும் கலியாணம் சரிவந்திருக்கு. (அவையளே பேசி, அவையளே முடிச்சு, எங்களுக்கு அறிவிச்சவை. அது வேற கதை.) போன கோடையில ராஸ்மஸின்ர தாய் கிர்ஸ்டன் எங்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா. வாற ஏழாம் கிழமை, அதுதான் இஞ்ச பள்ளிக்கூடங்களுக்குப் பனிக்கால லீவு விடுற கிழமை, இரண்டு குடும்பமும் சேர்ந்து நோர்வேயில ஒரு மரவீடு எடுத்துத் தங்குவம் எண்டு அவ சொல்ல எனக்கும் சந்தோசமாத்தான் இருந்தது.

பிறகு அவ என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னா, "சாந்தி, நீர் குளிருக்க வந்து கஷ்டப்பட வேண்டாம். அந்த வீட்டில நல்ல குசினி இருக்கு. நாங்கள் மலையால வரேக்க உம்மட கறி சுடச்சுட இருந்தால் அதைவிட என்ன வேணும்?" அன்பாத்தான் சொன்னவ. அன்பாச் சொன்னபடியால்தான் உடன மறுத்துச் சொல்ல வாய் வரேல்லை. என்ர மனிசன் தலையை ஆட்டி, "ஓம் ஓம், அவவுக்குச் சமைக்கிறதெண்டால் விருப்பம்" எண்டார். அவருக்கும் சறுக்கத் தெரியாது. ஆனால் அவரைக் குசினிக்கு ஒருதரும் கூப்பிடேல்லை. அவர் நெருப்புக்குப் பக்கத்தில காலை நீட்டிக்கொண்டு இருக்கலாமாம்.

"நான் சறுக்கினால் என்ன?" எண்டு கேட்டன். எல்லாரும் சிரிச்சினம். கெட்ட சிரிப்பில்லை, சின்னப்பிள்ளை ஒண்டு நான் பிளேன் ஓட்டப் போறன் எண்டு சொன்னால் சிரிக்கிற சிரிப்பு. துஷா டெனிஷில, "அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயசு, விழுந்து இடுப்பை உடைச்சால் ஆர் பாக்கிறது?" எண்டா. எனக்குப் பத்திக்கொண்டு வந்திட்டுது. இடுப்பு உடைஞ்ச ஆக்களை இந்த ஊரில ஆர் பாக்கினம் எண்டு அவவுக்குத் தெரியாதாமோ? ஏழு நாள், ஒன்பது பேருக்கு மூண்டு நேரச் சாப்பாடு. அது லீவில்லை, சம்பளமில்லாத வேலை. அண்டைக்கே நினைச்சன், நோர்வேக்குப் போறதெண்டால் மலையில நிக்கிற ஆளாப் போறது, இல்லாட்டி ஹோர்சன்ஸிலயே நிக்கிறது.

மலையில்லாத நாட்டில எங்க பழகிறது எண்டு தேடினன். கோபன்ஹேகனில குப்பை எரிக்கிற பெரிய ஆலை ஒண்டு இருக்கு. அதின்ர கூரையைச் சரிவாக் கட்டி, பச்சை நிறத்தில பிளாஸ்ரிக் விரிப்புப் போட்டு வைச்சிருக்கினம். பனி தேவையில்லை, வருசம் முழுக்கச் சறுக்கலாம். செப்டெம்பர் கடைசிச் சனிக்கிழமைக்குப் புதுசாப் பழகிற ஆக்களின்ர வகுப்பில ஒரு இடம் பதிஞ்சன். பதிஞ்சு முடிச்ச பிறகுதான் மனிசனுக்குச் சொன்னனான்.

"இஞ்சேரும், உமக்கு இந்த வயசில ஏன் இந்த விசர் வேலை?" எண்டார்.

"அந்த விசர் எனக்கு மட்டும்தானோ? கிர்ஸ்டனுக்கு அறுபது."

"அவ பிறந்ததிலயிருந்து சறுக்கிறா."

"நான் இனித்தான் துவங்கப் போறன். நீங்கள் வாறியளோ, நான் ரெயின்ல போகட்டோ?"

வந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக ஒரு ஆள் வேணும்தானே எண்டு சொல்லிக்கொண்டுதான் வந்தார்.

காலமை ஆறரைக்கு வெளிக்கிட்டம். ஹோர்சன்ஸிலயிருந்து கோபன்ஹேகன் கிட்டத்தட்ட 215 கிலோமீற்றர், நிக்காமல் ஓடினால் இரண்டரை மணித்தியாலம். ஃப்யூன் தீவு தாண்டிப் பெரிய பாலத்துக்கு முதல் ஒருக்கா நிப்பாட்டி, முதல் நாள் சுட்ட ரோல்ஸைச் சாப்பிட்டு, பிளாஸ்க் தேத்தண்ணியும் குடிச்சம். பாலத்தில நல்ல காத்து. கார் கொஞ்சம் ஆட, "இதிலயே இப்பிடி ஆடுது, கூரைக்கு மேல எப்பிடி இருக்குமோ" எண்டு மனிசன் துவங்கினார். நான் ரேடியோவைக் கூட்டி விட்டன்.

ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தம். கீழ நிண்டு அண்ணாந்து பாக்கேக்க, உண்மையைச் சொல்லிறன், திரும்பிப் போவமோ எண்டு ஒருக்கா நினைச்சன். உச்சியில புகை போகுது, அதுக்குக் கீழ ஆக்கள் விர் விர் எண்டு இறங்கினம். நல்லவேளை, பழகிற ஆக்களுக்கு அடியில தனிய ஒரு சின்னச் சரிவு இருக்கு. சப்பாத்தும் பலகையும் ஹெல்மெற்றும் அங்கயே வாடகைக்குத் தருவினம். பாடமும் சேர்த்து எனக்கு ஐந்நூறு குரோனருக்குள்ள வந்தது. விலை மாறும், போக முதல் பாருங்கோ.

முதல் பிழை உடுப்பில விட்டன். எங்கட ஆக்கள் எல்லாரும் விடுற பிழைதான். பனிச்சறுக்கு எண்டு பேர் இருந்தபடியால் இரண்டு சுவெற்றர், கம்பளித் தொப்பி, கழுத்துக்குச் சால்வை, மேல தடிச்ச ஜாக்கெற் எல்லாம் போட்டுக்கொண்டு போனன். வெளியில பதினாறு பாகை. சப்பாத்துக்குள்ள காலை ஓட்டி முடிக்க முன்னமே வேர்த்து வழியுது. பழக்கிற பொம்பிளை, லேனே எண்டு பேர், ஒவ்வொண்டாக் கழட்டச் சொன்னா. கழுத்தில தொங்கிற சங்கிலியையும் கழட்ட வேணுமாம், ஆக்களை மேல கொண்டு போற ஓடும் பட்டியில மாட்டுமாம். அது தாலிக்கொடி, கழட்டமாட்டன் எண்டன். சட்டை ஊசியால உள்சட்டையோட சேர்த்துக் குத்திக் காட்டினன். அவ இழுத்துப் பாத்திட்டு, சரி எண்டா.

வகுப்பில ஆறு பேர். மற்ற ஐஞ்சு பேரும் என்ர மகளின்ர வயசு. முதல் அரை மணித்தியாலத்தில நான் விழுந்ததுக்குக் கணக்கே இல்லை. பிளாஸ்ரிக் விரிப்பு பனி மாதிரி மெத்தெண்டு இராது, தோலை உரிச்சுப் போடும். வேலிக்கு அங்கால நிண்ட மனிசன் ஒவ்வொரு தரமும், "இழுத்து விடட்டோ?" எண்டு கத்தினார். "கிட்ட வராதேங்கோ" எண்டு நானும் கத்தினன். விழுந்த ஆளைக் கையில பிடிச்சு இழுக்கக்கூடாது. பக்கவாட்டில திருப்பி, முழங்காலை மடக்கி, பாரத்தைக் காலுக்குக் குடுத்துத்தான் எழுப்ப வேணும். இதைத்தானே நான் நாளாந்தம் செய்யிறன். எழும்பிறதில மட்டும் அந்த வகுப்பில என்னை அடிக்க ஆளில்லை.

ஆனால் சறுக்கிறது சரிவரேல்லை. பலகையின்ர முன்பக்கத்தைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டினால் வேகம் குறையும், அது விளங்கிட்டுது. பாதித் தூரம் ஒழுங்கா வருவன். பிறகு முதுகுக்குப் பின்னால ஆரோ வாற சத்தம் கேக்கும். உடன நான் திரும்பிப் பாத்து, வழி விடப் பக்கத்துக்கு ஒதுங்கி, தடக்குப்பட்டு விழுவன். சிவப்பு ஜாக்கெற் போட்ட ஒரு நெட்டை ஆள் மூண்டு தரம் என்னைச் சுத்திக்கொண்டு போனார். நான் கிடந்தபடியே "உன்ஸ்கூல், உன்ஸ்கூல்" எண்டு மன்னிப்புக் கேட்டன்.

லேனே கிட்ட வந்து, "உமக்குச் சறுக்கத் தெரியுது. நீர் ஏன் ஒவ்வொரு தரமும் ஒதுங்கிறீர்?" எண்டு கேட்டா.

"பின்னால ஆக்கள் வருகினம். நான் புது ஆள், மெதுவாப் போறன். அவைக்கு இடைஞ்சல்."

"இல்லை. சறுக்கிற இடத்தில ஒரு சட்டம் இருக்கு, உலகம் முழுக்க அதுதான். கீழ, முன்னுக்குப் போறவருக்குத்தான் வழி. பின்னால வாறவர்தான் பாத்து விலத்த வேணும். நீர் உம்மட பாட்டுக்குப் போம்."

இந்த நாட்டுக்கு வந்த நாள் தொடக்கம் பஸ்ஸில, கடையில, வேலையில, எனக்குப் பின்னால ஒரு டெனிஷ் ஆள் வந்தால் கால் தானா ஒதுங்கும். ஒருதரும் என்னை ஒதுங்கச் சொன்னதில்லை. நானே பழகினது. இனிச் சம்பந்தி வீட்டு மலைக்கும் இதே பழக்கத்தோட போகப் பாத்தனான். கோபம் வந்தது, பெரும்பாலும் எனக்கு மேலதான்.

பட்டியில ஏறி மேல போனன். வெளிக்கிட்டன். முழங்காலை மடக்கி, நெஞ்சை முன்னுக்குக் குடுத்து, பலகையை அகட்டி. பாதித் தூரத்தில பின்னால சத்தம் கேட்டுது. திரும்பேல்லை. சத்தம் கிட்ட வந்தது, கழுத்து விறைச்சுப் போச்சு, அப்பவும் திரும்பேல்லை. சிவப்பு ஜாக்கெற் இடப்பக்கத்தால வெட்டி, நிலை தடுமாறி, விரிப்பில குந்திக்கொண்டார். நான் அவரைத் தாண்டிப் போனன். மன்னிப்புக் கேக்கேல்லை. அடிமட்டும் போய், ஆரையும் பிடிக்காமல், தானா நிண்டன். சந்தோசத்தில கண்ணால தண்ணி வந்தது, வெட்கப்படாமல் அழுதன்.

மனிசன் அதை ஃபோனில எடுத்து இரண்டு குடும்பமும் இருக்கிற குறூப்பில போட்டிட்டார். அவரை நான் கேக்கேல்லை. அவருக்கும் உள்ளுக்குள்ள புழுகம்தான், பெருமைதான்.

இனி, போக நினைக்கிற ஆக்களுக்குச் சில விசயம். நீளக்கை மெல்லிய சட்டையும் கையுறையும் கட்டாயம், சுவெற்றர் வேண்டாம். மேசு, அதுதான் காலுறை, நீளமா முழங்கால் வரைக்கும் இருக்க வேணும், இல்லாட்டிச் சப்பாத்து வெட்டும். காலமை நேரம் பதியுங்கோ, பின்னேரம் சனம் கூட. காத்துக் கூடினால் பூட்டுவினம், வெளிக்கிட முதல் பாருங்கோ. அடுத்த நாள் வேலை வைக்காதேங்கோ, படி இறங்கேலாது. ஐம்பது தாண்டின எங்கட பொம்பிளையளுக்குத் தனியச் சொல்லிறன்: வீட்டில கேட்டிட்டுப் பதியாதேங்கோ, பதிஞ்சிட்டுச் சொல்லுங்கோ. நான் பிறகு இன்னும் இரண்டு தரம் போய் வந்தன். நோர்வே மலையில நான் திறமா ஓடப் போறதில்லை, அது தெரியும். எனக்கு அங்க நிக்க வேணும், அவ்வளவுதான்.

அண்டைக்குத் திரும்பி வரேக்க, பாலத்தில ஏற முன்னம் கிர்ஸ்டன் ஃபோன் எடுத்தா. காருக்குள்ள இரண்டு பேருக்கும் கேக்கிற மாதிரிப் போட்டன். வீடியோ பாத்தாவாம், இரண்டு தரம் பாத்தாவாம். பாராட்டி முடிக்கவிட்டு நான் சொன்னன், "கிர்ஸ்டன், நோர்வேயில நான் ஒருநாள் சமைக்கிறன், நல்லாச் சமைக்கிறன். மற்ற நாளில உங்களோட மலையில நிப்பன்."

கிர்ஸ்டன் கேட்டா, "அப்ப மற்ற நாளில ஆர் சமைக்கிறது?"

"சாப்பிடுற ஆக்கள்."

அவ சிரிச்சா. இந்த முறை சிரிப்பு வேற மாதிரி இருந்தது. "சரி, நீர் சொல்லிறது நியாயம். எல்லாருக்கும் ஒவ்வொரு நாள். உம்மட மனிசனுக்குப் புதன்கிழமை போடுறன்" எண்டு சொல்லி வைச்சிட்டா.

மனிசன் காரை ஓட்டிக்கொண்டே என்னைப் பாத்தார். "சாந்தி, எனக்குச் சமைக்கத் தெரியாதெல்லோ."

"எனக்கும் காலமை சறுக்கத் தெரியாது" எண்டன்.