மீசைக்காரர் தன் அம்மாவுக்கு எழுதியது

நேற்றுக் காலை எங்கள் அடையாறு அடுக்ககத்தின் கைபேசிக் குழுவில், ஒரு ரோஜாப்பூவுக்கும் தண்ணீர் லாரி அறிவிப்புக்கும் நடுவில், பழைய அமெரிக்க எழுத்தாளர் ஒருவரின் படம் வந்தது. அடர்ந்த மீசை, கசங்கிய கோட்டு. அவர் பள்ளியில் கணக்கில் தோற்றபோது தன் தாய்க்கு எழுதிய கடிதம் என்று படத்துக்குக் கீழே தமிழில் ஒரு பக்கம். 'அன்புள்ள அம்மா, நான் கணக்கில் தோற்றுவிட்டேன்' என்று ஆரம்பித்து, 'தோற்றவனை நிற்க வைக்காமல் இன்னொரு முறை உட்கார வைக்கும்படி அப்பாவிடம் சொல்' என்று வளர்ந்து, 'நீ அனுப்பிய ஜாம் தீர்ந்துவிட்டது' என்று முடிகிறது. அனுப்பியது இரண்டாவது மாடி கீதா. வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். முதல் மாடியில் ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் இருக்கிறார், யார் எதைப் போட்டாலும் 'ஆதாரம்?' என்று கேட்பவர். கேட்டுவிட்டார்.

ஆதாரம் நான்தான். அந்த மீசைக்காரர் அப்படியொரு கடிதத்தை எந்த அம்மாவுக்கும் எழுதவில்லை. நான் எழுதினேன், தியாகராய நகரில் ஒரு மதியம், காலியாகக் கிடந்த பக்கத்தை ரொப்புவதற்காக. முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு அந்த 'ஜாம்' என்ற சொல்லில் கண் நின்றுவிட்டது. ஏன் என்று சொல்வதற்குக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும். உங்களுக்கும் அவசரம் இல்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

இன்றைக்கும் தெருவில் யாராவது மண்ணெண்ணெயில் துணியை நனைத்து சைக்கிள் செயினைத் துடைத்தால் எனக்கு எழுபதுகளின் ஆரம்பம் ஞாபகம் வரும். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மந்தைவெளியில் பஸ் ஏறி, பனகல் பார்க்கில் இறங்கி, பாண்டி பஜாரின் வளையல் கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டே நடந்து, ஒரு சந்துக்குள் திரும்பினால் எங்கள் பதிப்பகம். கீழே அச்சகம், மேலே அலுவலகம். அச்சு மை, மண்ணெண்ணெய், ஈரக் காகிதம் மூன்றும் கலந்த அந்த வாடை மாடிப்படியிலேயே பிடித்துக்கொள்ளும். வீட்டுக்குப் போனால், 'பிரஸ் வந்துடுச்சு' என்று என் தம்பி மூக்கைப் பொத்திக்கொள்வான்.

முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவருடைய அண்ணன்மார் இருவரும் அதே பேட்டையில் ஜவுளிக்கடை வைத்துக் கொழித்துக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் புத்தகத்தில் விழுந்துவிட்டார். கடைக்காரக் கண் போகவில்லை, புத்தகத்தை வாங்கினதும் அட்டையை விரலால் தேய்த்துப் பார்ப்பார், சாயம் போகுமா என்று.

அந்த வருஷம் அவருக்கு ஒரு யோகம் அடித்தது. அமெரிக்க எழுத்தாளர்களின் வாழ்க்கைக் கதைகளைப் பிள்ளைகளுக்காகத் தமிழில் கொண்டுவர ஓர் அமெரிக்க உதவி அலுவலகம் பணம் தர முன்வந்தது. ஆறு புத்தகம். முதல் இரண்டு சரியாக வந்தால்தான் மற்ற நான்கு. மொழிபெயர்ப்பு, மெய்ப்பு, படத்துக்குக் கீழே எழுதுவது எல்லாம் நான். அமெரிக்காவைப் பற்றி எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் அங்கே குளிரும் என்பதுதான்.

பெயர்கள் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. ஆகவே கீழே அச்சகத்தில் ஆளுக்கொரு பட்டம். ஒருவர் தாடிக்காரர், ஒருவர் கப்பல்காரர், மாடி அறையை விட்டு வராத ஒரு கவிஞர் 'ரூம் அம்மா', இரண்டாவது புத்தகத்தின் நாயகர் மீசைக்காரர். 'மீசை எத்தினி பக்கம் முடிஞ்சிது?' என்று கீழிருந்து குரல் வரும். பெரிய மனிதர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

பெரிய தொல்லை என்னவென்றால், இந்த எழுத்தாளர்கள் ஒருவர்கூட ஒழுங்காகப் படிக்கவில்லை. பள்ளிக்கு மட்டம் போட்டார்கள், வீட்டைவிட்டு ஓடினார்கள், வேலையை விட்டார்கள். எங்கள் ஊரிலோ வாழ்க்கை வரலாறு என்றால் நாயகர் விடியற்காலையில் எழுந்து, தெருவிளக்கில் படித்து, வகுப்பில் முதலாவதாக வர வேண்டும். அண்ணாச்சி கையெழுத்துப் பிரதியோடு என் மேஜைக்கு வந்துவிடுவார்.

"ஏம்மா, ஓடிப்போனாருன்னு எழுதியிருக்க? இதப் படிச்சிட்டு நாளைக்கு நாலு பிள்ளைக ஓடிச்சின்னா யாரு பதில் சொல்லுதது?"

'ஓடிப்போனார்' என்பது 'பயணம் மேற்கொண்டார்' ஆயிற்று. மது அருந்தினவர்கள் எல்லோருக்கும் என் கையால் 'உடல்நலம் குன்றியது'. ஒரே புத்தகத்தில் ஒரு மனிதருக்கு ஏழு இடத்தில் உடல்நலம் குன்றியதும், 'பாவம், இவருக்கு நல்ல டாக்டரே அமையலியா?' என்று அண்ணாச்சியே கேட்டார். ஆனால் மீசைக்காரர் கணக்கில் தோற்றதை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. நானும் ஒருமுறை தோற்றவள். அந்த ஓர் இடத்திலாவது புத்தகம் உண்மையாக இருக்கட்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். இதைச் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருகிறது, மேலே படியுங்கள்.

அச்சில் பதினாறு பக்கம் சேர்ந்தால் ஒரு ஃபாரம். மீசைக்காரர் நாலு ஃபாரம், அறுபத்து நாலு பக்கம். எழுத்துக் கோத்து முடித்த அன்று எங்கள் கம்பாசிட்டர் ஏகாம்பரம் படியேறி வந்தார். சைதாப்பேட்டைக்காரர், காதில் எப்போதும் பாதி பீடி.

"இன்னாமா, உன் மீசை அறுவத்திரண்டரையிலயே பூட்டாரு. ஒன்ற பக்கம் காலியா கீது. எதுனா குடு."

வேறு சமயமாக இருந்தால் எங்கள் மற்றப் புத்தகங்களின் விளம்பரத்தைப் போட்டு மூடிவிடுவோம். இதில் விளம்பரம் கூடாது என்று உதவி அலுவலகத்தின் கண்டிப்பு. காலியாக விடவும் வழியில்லை. 'வெள்ளத்தாள யாருட்ட விக்கச் சொல்லுத?' என்பார் அண்ணாச்சி. அவர் அன்றைக்கு மதுரையில். மிஷின் காத்துக்கொண்டிருந்தது. டிபன் பாக்ஸை மூடிவிட்டு, மீசைக்காரராக மாறி அம்மாவுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தேன்.

எழுத எழுத ஏகாம்பரம் வாங்கிக்கொண்டு போய்க் கோத்தார். கோத்துவிட்டுப் படிக்கடியில் நின்று, "இன்னும் எட்டு வரி வோணும்" என்பார். எட்டு கொடுத்தால், "நல்லாத்தான் கீது, இன்னும் நாலு". சொல்ல வேண்டியதெல்லாம் தீர்ந்துவிட்டது. அன்றைக்கு என் தயிர்சாதத்துக்கு எலுமிச்சை ஊறுகாய். 'நீ அனுப்பிய எலுமிச்சை ஊறுகாய் தீர்ந்துவிட்டது அம்மா, கொஞ்சம் காரம் குறைத்துப் போட்டு அனுப்பு' என்று கடைசி வரிகள் போய்ச் சேர்ந்தன. பக்கம் கச்சிதமாக நிறைந்தது. ஊருக்குத் திரும்பிய அண்ணாச்சி புத்தகத்தின் அட்டையைத் தேய்த்துப் பார்த்துத் திருப்தியடைந்தார். அமெரிக்காவில் ஓர் அம்மா எலுமிச்சை ஊறுகாய் போட்டதை யாரும் கேள்வி கேட்கவில்லை.

எட்டு மாதம் போயிருக்கும். ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். ஒரு அம்மாள் படியேறி வந்தார். மயிலாப்பூர் மாடவீதி ஒன்றில் வீடு, நாற்பது வயதிருக்கும். வியர்த்து வழிந்தது. கையில் எங்கள் மீசைக்காரர். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டே வந்திருந்தார் போல.

"இந்த லெட்டரை நீங்கதான் தமிழ்ல எழுதினேளா? இதோட இங்கிலீஷ் ஒரிஜினல் வேணுமே."

பெஞ்சைக் காட்டினேன். அவர் உட்கார்ந்து சொன்னார். பெண் எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் போய்விட்டாள். செப்டம்பரில் மறுபடி எழுத வேண்டும் என்று அழுகிறாள். கணவர் ஓர் அலுவலகத்தில் தலைமை குமாஸ்தா, படித்தது போதும், வரன் பார்க்கலாம் என்கிறார். விண்ணப்பத்தில் அவர் கையெழுத்து வேண்டும், பரீட்சைப் பணம் கட்டக் கடைசி நாள் நாளை மறுநாள்.

"இதைப் படிச்சுக் காமிச்சேன். தமிழ்ல யார் வேணா என்ன வேணா எழுதுவா, இங்கிலீஷ்ல இருந்தா கொண்டா, அவ்ளோ பெரிய மனுஷன் நெஜமா எழுதியிருந்தா நான் கையெழுத்துப் போடறேன்னுட்டார். அவர் வாக்கு மாற மாட்டார். அதான் ஓடி வந்தேன்."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த அம்மாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தார். "கொஞ்சம் இருங்க, டைப் பண்ணித் தரேன்" என்று வந்துவிட்டது.

என் தமிழ்ப் பொய்யை நானே இங்கிலீஷில் மொழிபெயர்த்தேன். இரண்டு விரலால்தான் டைப் அடிப்பேன். பாதி முடிந்தபோது முதுகுக்குப் பின்னால் அண்ணாச்சி.

"அசல் புத்தகத்துல இது எந்தப் பக்கம்மா?" என்றார், மெதுவாக.

"இல்ல அண்ணாச்சி. ஒன்றரைப் பக்கம் குறைஞ்சது."

அவ்வளவுதான் சொன்னேன். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விஷயம் உதவி அலுவலகத்துக்குத் தெரிந்தால் பாக்கி நான்கு புத்தகமும் போய்விடும், அதற்கு முன்னால் என் வேலை போகும். ரொம்பப் பயந்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாளைப் பார்த்தார். "பிள்ளைக்கா?" என்று என்னிடம் கேட்டார். தலையாட்டினேன். டைப் மிஷின் பக்கத்தில் விரித்து வைத்திருந்த புத்தகத்தைக் குனிந்து கடைசிவரை படித்தார்.

"ஊறுகாய எடுத்துரு. இங்கிலீஷ்ல ஊறுகா வந்தா குமாஸ்தா பிடிச்சிருவாரு. அங்கன ரொட்டிக்கு என்ன தொட்டுக்கிடுதான்?"

"ஜாம், அண்ணாச்சி."

"அப்ப ஜாம்னு போடு."

அதோடு விடவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து பதிப்பகத்தின் ரப்பர் ஸ்டாம்பை எடுத்து, வாயால் ஊதி, தாளின் அடியில் அழுத்தினார். பக்கத்தில் 'ட்ரூ காப்பி' ஸ்டாம்பு. மேலே இங்கிலீஷில் நீளமாக ஒரு கையெழுத்து. "சீல் இல்லாத தாள எந்தக் குமாஸ்தா நம்புவான்?" என்றார். கார்பன் வைக்கவில்லை, அந்த ஒரே ஒரு தாள்தான். அம்மாள் அதைப் புத்தகத்துக்குள் வைத்து, புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார். "என்ன ஆச்சுன்னு வந்து சொல்றேன்" என்றார், படியில் நின்று திரும்பி.

அவர் வரவில்லை. மறுநாள் ஏகாம்பரம், "அந்தம்மா வந்துச்சா?" என்றார். ஒரு வாரம் கேட்டார். செப்டம்பர் வந்தபோது அண்ணாச்சியும், ஏதோ காகித விலை கேட்கிற மாதிரி, "அந்த மைலாப்பூர் அம்மா பெறவு வரலியோ?" என்றார். குமாஸ்தா கண்டுபிடித்திருப்பார் என்றுதான் எனக்குப் பட்டது. பொய்த் தாளைக் கொண்டுவந்ததற்காக அந்த அம்மாளுக்கும் பெண்ணுக்கும் என்ன பேச்சு விழுந்ததோ. மாடவீதியில் எந்தக் கல்யாண ஊர்வலத்தைப் பார்த்தாலும், மணப்பெண் பதினாறு பதினேழு வயதாகத் தெரிந்தால், எனக்குச் சுருக்கென்று இருக்கும். கல்யாணமாகி, வேலையை விட்டு, இந்த அடையாறுக்கு வந்த பிறகும் அந்த உறுத்தல் போகவில்லை. யாரிடமும் சொன்னதில்லை, இப்போது உங்களிடம்தான்.

சரி, ஜாமுக்கு வருவோம். புத்தகத்தில் அச்சானது ஊறுகாய். ஜாம் இருந்தது அந்த ஒற்றைத் தாளில் மட்டும்தான். நேற்றுக் குழுவில் வந்த கடிதம், அந்தத் தாளைப் பார்த்து யாரோ மறுபடி தமிழாக்கியது.

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் முதல் மாடி அதிகாரிக்குக் கீதா பதில் போட்டிருந்தாள்: "சார், இது எங்க ஆபீஸ் மேடம் ரிடையர் ஆன அன்னிக்குப் படிச்சது. இதனாலதான் அப்பா ரெண்டாவது தடவை பரீட்சை எழுத விட்டாராம். அவங்க அம்மா கடைசிவரை பூஜை அலமாரில வச்சிருந்த தாள். ஒரிஜினல்ல சீல்கூட இருக்கு, ட்ரூ காப்பின்னு."

"அப்படியானால் சரி" என்று எழுதிவிட்டார் அதிகாரி. சீல் என்றதும் அடங்கிவிட்டார். அண்ணாச்சி இருந்திருந்தால் தொடையைத் தட்டிச் சிரித்திருப்பார்.

'அதை எழுதியது நான்' என்று தட்டினேன். அழித்தேன். கொஞ்சம் அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சந்து இருந்த இடத்தில் இப்போது ஏழு மாடி நகைக்கடை. மீசைக்காரர் புத்தகம் ஒரு பிரதிகூட எங்கும் கிடைக்கவில்லை, ஊறுகாயும் அதோடு போயிற்று. வந்து சொல்கிறேன் என்று சொன்ன அம்மாள் ஐம்பது வருஷம் கழித்து ஒருவழியாக வந்து சொல்லிவிட்டார். படிக்கடியில் நின்று "அந்தம்மா வந்துச்சா?" என்று கேட்கத்தான் ஆள் இல்லை.