பீங்கான் பூவில் விழுந்த வளையம்

திருவக்கரையில் வீற்றிருக்கும் அன்னையே, அலைபாயும் இந்த நெஞ்சைச் சற்றே ஓரிடத்தில் இருத்துவாயாக.

நண்பரே, இன்று வளர்பிறைப் பிரதோஷம். எங்கள் ஊர்ச் சன்னிதியில் நெய்விளக்கு மட்டுமே காட்டினார்கள். கற்பூரத்தை நிறுத்திவிட்டார்களாம், நான் கொண்டுபோனதும் கைக்கே திரும்பி வந்தது. அந்த வாசனை இல்லாமல் மனம் தரிக்கவில்லை. பாதிப் பதிகத்திலேயே அது திண்டிவனம் சாலையோரத் தகரக் கொட்டகைக்கு ஓடிவிட்டது.

பல ஆண்டுகளுக்கு முன் அங்கே தனமும் அவள் கணவர் ஏழுமலையும் ஒரு மின்சூளை வைத்திருந்தார்கள். சூடு காட்டும் முள்ளைக் கவனிப்பது என் பணி. (உட்காரத் தெரியாத எனக்கு அந்தப் பணி வாய்த்ததும் அன்னையின் விளையாட்டே.) பீங்கான் கிண்ணத்தில் படிகப் பூக்கள் மலரவேண்டும் என்பது தனத்தின் ஆசை. கிண்ணத்தின்மேல் பூசிய துத்தநாகம் கலந்த மெருகை உருக்கி, சூட்டைச் சற்று இறக்கி, அங்கேயே சில மணி நேரம் அசையாமல் நிறுத்தினால் அதனுள் படிகங்கள் தாமே பூவாய் விரியும். எங்களுக்கோ மெருகு வழிந்து தட்டோடு ஒட்டும். அல்லது கிண்ணம் வெறுமையாய் வரும்.

“இந்த வாட்டியும் பூக்கலன்னா சூளையப் பிரிச்சிட்டு மெட்ராஸ் போறேன். மச்சான் கம்பெனில வேலை இருக்குது,” என்று ஏழுமலை பெட்டியே கட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை, விளக்கேற்றும் பொழுது. முள் நிலைகொண்டிருந்தது. வாசலுக்கும் சூளைக்குமாக நடந்துகொண்டிருந்த ஏழுமலை, திடீரென்று தட்டில் கற்பூரம் ஏற்றிவந்து, சூளையின் பார்வைத் துளையை அடைத்திருந்த கல்லை உருவிவிட்டார். உள்ளே காற்றுப் பாய, முள் சரசரவென்று இறங்கியது.

“யோவ், கல்ல மூடுய்யா! சூடு எறங்குது!” என்று தனம் அலறினாள்.

“சாமிக்குக் காட்றப்போ கதவ மூடிக்கினா காட்டுவாங்க?”

“ஜல்தியா காட்டித் தொலை! அண்ணனுக்கு மூச்சே நிக்குது பாரு.”

என் மூச்சு உண்மையில் நின்றுதான் இருந்தது. கல்லை மூடியதும் முள் பழைய இடத்துக்கு ஏறியது. ஆயினும் எல்லாம் கெட்டது என்றே மூவரும் நம்பினோம். மறுநாள் சூளை ஆறும்வரை எவருக்கும் சோறு இறங்கவில்லை.

திறந்தால், கிண்ணமெங்கும் பூக்கள்! ஒவ்வொன்றினுள்ளும் மெல்லியதொரு வளையம். சூடு இறங்கி ஏறிய சிறுபொழுது அப்படியே படிந்திருந்தது.

“பாத்தியா, நான் காட்டின தீபாராதன!”

“ஆமா, பெரிய கலெக்டரு. போயி பொட்டியப் பிரி,” என்றாள் தனம், கண்ணைத் துடைத்தபடி.

அன்றுமுதல் ஒவ்வொரு முறையும் அதே வேளையில் கல்லை உருவிக் கற்பூரம் காட்டினோம். என் வாய் பதிகம் சொல்லும். கண் முள்ளைவிட்டு அகலாது. நான் வணங்கியது எதை என்பது அன்னைக்கே வெளிச்சம்.

இருவரும் இன்றில்லை. அவர்கள் மகள் விழுப்புரத்தில் சூளை வைத்திருக்கிறாள். கோயிலிலிருந்து நேரே அங்கே போனேன். அவள் சூளையில் பொருத்திய கருவியில் எண்களை அழுத்தினாள். இனி இயந்திரமே சூட்டை இறக்கி ஏற்றி வளையம் போடுமாம்.

“ஏன் மாமா நின்னுக்கினே இருக்கீங்க? அது பாத்துக்கும். வாங்க, வீட்டுக்குப் போலாம்.”

பார்வைத் துளையின் கல்மேல் தூசி படிந்திருந்தது. என் சட்டைப்பையில் கற்பூரம் அப்படியே இருந்தது.

இதை வாசிப்போர் யாவரும், தமக்காகப் பதறி நிற்க ஒருவரை உடையவராய் நீடு வாழ்க.