சாரத்திலிருந்து சாரத்துக்கு

காலை ஏழு மணிக்கு, திண்டிவனத்துக்கு வடக்கே இருக்கும் எங்கள் சாரத்திலிருந்து புறப்பட்டேன். போக வேண்டியதும் சாரம்தான், புதுச்சேரிச் சாரம். இரண்டுக்கும் பெயரைத் தவிர ஒட்டோ உறவோ கிடையாது. என் மகள் கவிதாவைக் கேட்டு அங்கிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையன் பெயர் மணிகண்டன், லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் வேலை. வரும் ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் அவன் தெருவிலேயே காதும் காதும் வைத்தாற்போல் விசாரித்துவிட வேண்டும்.

"நேரா அவங்க வூட்டுக்கே போய்ட்டு வாங்களேன்" என்றாள் மனைவி. விசாரிக்கப் போகிறவன் தன்னைக் காட்டிக்கொள்ளக் கூடாது. பையனின் அப்பா பெயரைச் சொன்னால் அடுத்த நிமிடமே சேதி அந்த வீட்டுக்குப் போய்விடும். இதெல்லாம் அவளுக்கு எங்கே புரியப் போகிறது?

திண்டிவனத்தில் பஸ் மாறினேன். சுமார் நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். ஜன்னலோர சீட்டுக்காக ஒருவரிடம் சண்டை போட்டுவிட்டு, ஒன்பது மணிக்குப் புதுச்சேரியில் இறங்கினேன்.

"எங்க சார் போவணும்?" என்றார் ஆட்டோக்காரர்.

"சாரம்."

"எங்கேர்ந்து வர்றீங்க?"

"சாரம்."

மேலும் கீழும் பார்த்தார். "காலையிலியேவா சார்?"

நான் குடிப்பதில்லை. அதை உரத்த குரலில் விளக்கியதில் நூறு ரூபாய் ஆட்டோ நூற்றிருபது ஆனது.

ஒன்பதரைக்கு, பையன் வீட்டுத் தெருமுனை டீக்கடை. டீயை வாங்கிக்கொண்டு, "இந்தத் தெருவுல மணிகண்டன்னு ஒரு பையன், ஆள் எப்படி?" என்றேன்.

"பொண்ணு விஷயமா?" கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "வேணாங்க. போன மாசந்தான் பொண்டாட்டி கோச்சிக்கினு போச்சு. கைக்கொழந்தை வேற."

கவிதா அவனுடைய போட்டோவைத் தன் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள். வீட்டில் போய் அவளிடம் எதைச் சொல்வேன்? டீயை அப்படியே வைத்துவிட்டு, ஜாதகத்தோடு வந்த முகவரிக்கு நடந்தேன்.

"கல்யாணம் ஆனவனுக்கா எம்பொண்ணக் கேட்டீங்க?" கேட்டுக்கு வெளியே நின்று நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பையனின் அப்பா ராமலிங்கம் பதறாமல் வந்தார். யார் சொன்னது என்று மட்டும் கேட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு, லீவில் வீட்டிலிருந்த மகனையும் கூட்டிக்கொண்டு, என்னை டீக்கடைக்கே அழைத்துப் போனார்.

கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "நம்ம ராமலிங்கம் அண்ணன் பையனா? நான் கோடி வூட்டு மணிகண்டனச் சொன்னேன்! இந்தத் தெருவுல மட்டும் நாலு மணிகண்டன் இருக்கான். அப்பா பேரச் சொல்லிக் கேக்கக் கூடாதா? இவன் தங்கமான புள்ளைங்க."

அப்பாடா! பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கண் கலங்கியதை மறைக்கவில்லை. பையனே எனக்கு வேறு டீ வாங்கிக் கொடுத்தான். மத்தியானம் அவர்கள் வீட்டிலேயே மீன் குழம்புச் சாப்பாடு.

மூன்று மணிக்கு ராமலிங்கம் ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டு வரை வந்து என்னை ஏற்றிவிட்டார். பஸ் கிளம்பும்போது ஜன்னலருகே வந்தார்.

"நாங்களும் போன வாரம் உங்க சாரத்துல விசாரிச்சோங்க. பலராமனா, மகா கோவக்காரராச்சே, எதுக்கெடுத்தாலும் சண்டைக்கு நிப்பாருன்னாங்க. அது வேற பலராமனா இருக்கும்னு வந்துட்டோம்." சிரிக்காமல்தான் சொன்னார். "ஞாயித்துக்கிழமை காலையிலியே வந்துடறோம்."

"ஆமாங்க, அது வேற ஆளு" என்றேன்.

எங்கள் சாரத்தில் பலராமன் என்று இருப்பது நான் ஒருவன்தான்.